ஜன்னல் கட்டையில் இரண்டு பல்தடங்கள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். என் தங்கைக்கு நான் போன் செய்ய வேண்டும். காலையிலிருந்து செய்யவில்லை. செய்யாத நேரத்தில் ஒரு கதையாவது தேறட்டுமே என்று காகிதத்தை எடுத்துவிட்டேன். எழுதுகிறவர்களை நம்பாதீர்கள், இப்படித்தான் இருப்போம்.

விஷயம் என் வீட்டுச் சின்ன அறையின் ஜன்னலில் இருக்கிறது. பழைய வீடு, போன வருடம் வாங்கியது. ஜன்னலின் அடிக்கட்டையில் புது மஞ்சள் பெயிண்ட் மேல் அரிசி மணி அளவில் இரண்டு பல்தடங்கள். பல் பதிந்த இடத்தில் மஞ்சளுக்கு அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கிறது. பல் தங்கை மகளுடையது. வயது ஒன்று முடிந்து இரண்டு மாதம். கைக்கு எட்டியதையெல்லாம் கடிப்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தவள் நான்தான்.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

"பெயின்டர் காய்ந்த உப்புத்தாளை எடுத்து ஜன்னலைச் சரசரவென்று தேய்த்தார். பழைய பெயிண்ட் மாவாகப் பறந்தது. அதில் ஈயம் இருக்கும், குழந்தைக்கு ஆகாது என்று அவருக்கு யார் சொல்வது? அவசரக்கார மனிதர், விவரம் தெரியா—"

[இதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு லாகவமாகப் பொய் வருகிறது பாருங்கள்.]

அந்தப் பெயின்டர் இப்போது பக்கத்து ஹாலில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார். தரை முழுக்க பாலித்தீன் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, முகத்தில் மாஸ்க் போட்டு, சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டுகிறார். ஒரு சுவருக்கு அரை நாள். பார்க்கிற நமக்குப் பொறுமை போய்விடும். இவரையா நான் அவசரக்காரர் என்று எழுதினேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

3

சரி, நடந்ததை நடந்தபடி.

ஒரு மாதத்துக்கு முன் அவர் முதல் தடவை வந்தபோது ஜன்னல் சட்டத்தில் பிளேடால் சின்னதாகச் சீவிக் காட்டினார். வெள்ளை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை.

"இந்தப் பச்சை ரொம்பப் பழசு மேடம். ஈயம் இருக்கும்னு வெச்சுக்கிட்டுத்தான் வேலை செய்யணும். காஞ்ச தாள் போட்டுத் தேய்ச்சா தூசி வீடு பூரா போகும். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்லீங்க."

[இது பொய்யில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. அதை யாராவது கேட்டால் என் வாய் தானாகச் சட்டென்று மூடிக்கொள்ளும். அன்றும் மூடிக்கொண்டது, தங்கை மகள் வந்து போவாள் என்று சொல்லவில்லை.]

"அப்பவும் பக்குவமாத்தான் செய்யணும். இந்த ஒரு ரூமுக்கு நாலு நாள் ஆகும்," என்றார்.

அடுத்த வாரமே தங்கை போன் செய்தாள். பத்து நாள் வெளியூரில் பயிற்சி, சுண்டெலியை விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். "உன்கிட்ட விட்டாத்தான் எனக்கு நிம்மதிக்கா."

ஞாயிற்றுக்கிழமை குழந்தை வருகிறாள். பெயின்டருக்கு வேறொரு இடத்தில் வேலை. எனக்கோ அந்த அறை மஞ்சளாக வேண்டும், பெரியம்மா உனக்காகப் பண்ணின ரூம்டி செல்லம் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு கட்டு உப்புத்தாளை வாங்கி வந்து நானே தேய்த்து, மஞ்சளும் அடித்தேன். காய்ந்த தாள்தான். பாலித்தீன் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்புறம் நல்ல பிள்ளையாகத் துடைப்பத்தை எடுத்து அறையை மூன்று தடவை பெருக்கினேன். அது தூசியைக் கிளப்பி வீடெல்லாம் இறைக்கிற வேலை என்று இன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பத்து நாளும் அவள் அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

4

அவள் தன் வீட்டுக்குப் போய் ஐந்து நாளாகிறது. இன்று காலை பெயின்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னல் கதவு பொருந்தும் பள்ளத்தில் விரலை வைத்து எடுத்தார். பச்சை மாவு. பிறகு பல்தடத்தைப் பார்த்துவிட்டார்.

"யார் மேடம் இதைத் தேய்ச்சது?"

"நான்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேலை முடிஞ்சு போனா வாசல்லயே சட்டையக் கழட்டிட்டு, குளிச்சிட்டுத்தான் எம்பொண்ணத் தூக்குவேன்," என்றார். "ஈயம் உள்ள போனா பிள்ளைங்க மூளையத்தான் பாதிக்கும். ஒண்ணும் ஆகாமக்கூட இருக்கலாம். ஆனா பாத்தா தெரியாது மேடம், பிள்ளை நல்லா ஓடியாடிக்கிட்டுத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனைல மட்டும்தான் தெரியும். தள்ளிப் போடாம பாக்கச் சொல்லுங்க."

அதிலிருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) பரிசோதனையில் ஒன்றுமில்லை. தங்கை சிரிக்கிறாள். [ஆசை.]

(ஆ) இருக்கிறது. தங்கை இனி என்னிடம் குழந்தையை விடுவதேயில்லை. [என் பயமே இதுதான். குழந்தைக்கு என்ன ஆகும் என்பதற்கு முன் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.]

(இ) நான் சொல்லவேயில்லை. சுண்டெலி வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்து ஏறவில்லை, கணக்கு ஏறவில்லை. எல்லோரும் அப்பன் புத்தி என்று சிரிக்கிறார்கள். நானும் கூடவே உட்கார்ந்து சிரித்துக்கொ—

முடியவில்லை. என்னால் இதை எழுத முடியவில்லை.

"பேசிட்டீங்களா மேடம்?" என்று ஹாலிலிருந்து குரல்.

6

பேசினேன்.

"சொல்லுக்கா. இங்க மேசைக் காலைக் கடிச்சுட்டிருக்கா உன் சுண்டெலி. கேக்கணும்னே இருந்தேன், அடுத்த மாசமும் ஒரு வாரம் விடட்டுமா?"

பாருங்கள், நான் கேட்கத் தவித்த வார்த்தை. இதற்கு மேல் ஒரு கதாசிரியர் எனக்கு வலை விரிக்க முடியாது.

"ஏய், நடுவுல பேசாம கேளு. தப்பு முழுக்க என்னோடது," என்று ஆரம்பித்தேன். உப்புத்தாள், துடைப்பம், பெயின்டர் முன்பே எச்சரித்தது, பல்தடம், எதையும் விடவில்லை. இந்தக் கதையில் நான் திருத்தாமல் சொன்ன பகுதி அது ஒன்றுதான். அதனால்தான் இங்கே எழுதவில்லை.

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நாளாச்சேக்கா," என்றாள் தங்கை. மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வா. ஊசி குத்துறப்ப நீதான் அவளப் புடிச்சுக்கணும்."

வைத்துவிட்டாள்.

இது தண்டனையா, மன்னிப்பா? எனக்குத் தெரியவில்லை. அவள் குரலை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் நான் எழுதப்போவதில்லை. அது வரைவு போட்டு மாற்றுகிற சமாச்சாரம் இல்லை.

பெயின்டர் ஒரு மாஸ்க்கும் ஈரத்துணியும் கொண்டுவந்து நீட்டுகிறார். "பெருக்காதீங்க. துடைங்க," என்கிறார். பேனாவை வைக்கிறேன்.