உலார்பெக்கின் குதிகால்

'ஏப்ரல் 9. இன்றைய தவறு: அத்தானுக்குக் காய்ச்சல் அளந்தேன். காலுறையைக் கழற்றச் சொல்லவில்லை.'

எழுதிய வரியை அடித்துவிடலாமா என்று மீரிம் யோசித்தாள். மலைநாட்டு நரீன் நகரில் அக்கா சால்தனத்தின் வீட்டில் தங்கி, மாலை வகுப்பில் செவிலியர் படிப்புப் படிப்பவள் அவள். அக்காவின் கணவர் உலார்பெக் வாடகைக் கார் ஓட்டுபவர், சர்க்கரை நோய்க்காரர். சர்க்கரை உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் குனிந்ததுமே, "மச்சினிச்சி காலப் பிடிக்க வந்துட்டா, குடுத்து வச்சவன்தான் நான்" என்றார் அவர். வீடே சிரித்தது. அவள் கூச்சத்தில் எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை உலார்பெக்குக்குக் குளிர் நடுக்கத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. சால்தனத் எதிர்வீட்டு சைராகுலைக் கூட்டிவந்தாள். அந்தக் கட்டடத்துக்கே ஊசிக்காரி சைராகுல்தான். வசந்தம் பிறந்தால் தெம்புக்கென்று வீட்டுக்கு வீடு நரம்பில் மருந்துப் பாட்டில் ஏற்றுபவள். இரண்டு நாளாக அவரது காய்ச்சலுக்கும் ஊசி போட்டுவந்தாள். இப்போது தொப்பி மாட்டும் கொக்கியில் பாட்டிலைத் தொங்கவிட்டு நரம்பைத் தேடினாள். மருத்துவமனைக்குப் போகலாமா என்று சால்தனத் மெல்லக் கேட்டபோது, இரத்தத்தில் விஷம் ஏறுவதே அங்கேதான் என்று சைராகுல் அவள் வாயை அடைத்தாள்.

ஆறு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு இவளிடம் என்ன பேசுவது? மீரிம் தன்னைத் தேற்றிக்கொள்ள அத்தானைச் சீண்டினாள். "என்னத்தான், ஒரு பாட்டிலுக்கே சாஞ்சுட்டீங்க? இன்னைக்கு வண்டிய நான் ஓட்டட்டுமா?"

மச்சினிச்சியின் கேலிக்குப் பதில் சொல்லாமல் விட்டவரல்ல உலார்பெக். இழவு வீட்டில்கூடக் காதோடு காதாகத் திருப்பிக் கொடுப்பார். இன்று, யாரிவள் என்பதுபோலப் பார்த்தார். மலையேறியவனைப் போல மூச்சு வாங்கியது.

மீரிம் யாரையும் கேட்காமல் காலுறையை உருவினாள். குதிகாலில் கருத்த பற்று. சுற்றிலும் கணுக்கால்வரை சிவந்து வீங்கியிருந்தது. புது பூட்ஸ் கடித்த புண்ணில் கம்பளித் துண்டைச் சுட்டு, அந்தச் சாம்பலை அப்பியிருந்தார் மனிதர். ஆடு மேய்த்த பரம்பரையின் கைவைத்தியம். பாதத்தின் உணர்ச்சியைச் சர்க்கரை தின்றுவிட்டதால் அவருக்கு வலிக்கவும் இல்லை.

"ஊசிய எடுங்க, சைராகுலத்தை. இது வீட்ல பாக்குற காய்ச்சல் இல்ல."

பக்கத்து வீட்டுக் காரில் கொண்டுபோனார்கள். சைராகுலும் கூட ஏறிக்கொண்டாள். கிருமியை வளர்த்துப் பார்க்க இரத்தம் எடுத்த மருத்துவர், ஏற்கெனவே என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டார். சைராகுல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அந்த ஊசியால் கிருமி சோதனையில் அகப்படாமல் போகலாம் என்றார் அவர். கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது, பலர் இதை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முதுமை, கவனிக்காத புண், இவை இருக்குமிடத்தில் இது சுலபமாக நுழைகிறது என்றும் விளக்கினார். இன்னும் ஓர் இரவு விட்டிருந்தால் ஆள் தப்புவது கடினம் என்றார்.

மூன்றாம் நாள் ஆபத்து விலகியது. குதிகாலில் சதையை வெட்ட வேண்டியிருந்தது, கால் தப்பியது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சைராகுல் மீரிமிடம் சொன்னாள்:

"காய்ச்சலுக்கு ஊசி போட்டேன், அது எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கல. சர்க்கரை இருக்கறவங்க தெனமும் பாதத்தப் பாக்கணும். சின்னப் புண்ணுன்னு விடக்கூடாது. குளுரு நடுங்கி, ஆளு நெனவு தடுமாறினா, ஊசிக்காரியத் தேடாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நான் சொன்னாத்தான் நம்ம கட்டடத்துல கேப்பாங்க. நீயும் கூட வா."

நாளை காலை இருவரும் சர்க்கரைக்காரர்களின் வீடுகளுக்குப் போகவேண்டும். முதலில் இரண்டாம் மாடித் தையற்காரர். ஒரு வாரமாக நொண்டுகிறார்.