பெருச்சாளியிடம் நல்லவிதமாகப் பேசுதல்

எங்கள் வீட்டில் பெருச்சாளியைப் பற்றி நல்ல வார்த்தை மட்டும்தான் பேசலாம். அதற்குக் காது கேட்கும். பொறி வைக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் அது பொறிப் பக்கமே வராது. இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் காலனியில் சங்கம் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது.

பெருச்சாளி எங்கள் வீட்டு முன்புறப் புல்தரைக்கு அடியில் இருக்கிறது. கொரியன் புல். பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்தது. தினமும் தண்ணீர் விட்டு, குனிந்து களை பிடுங்கி, ஒருத்தரையும் மிதிக்க விடாமல் வளர்த்தேன். நானே மிதித்ததில்லை. பெருச்சாளி அதைக் கீழிருந்து மிதித்தது. விடிந்தால் புல்லுக்கு நடுவே புதிதாக ஒரு மண்குவியல் இருக்கும். குவியலின் உச்சியில் ஒரு புல் மட்டும் நட்டு வைத்திருக்கும். அது வேண்டுமென்றே செய்வது.

அந்த மண்ணெல்லாம் வீட்டுக்கு அடியிலிருந்து வருகிறது. மண் போகப் போக வீடு நீண்டது. ஹாலிலிருந்து சமையலறைக்கு முன்பெல்லாம் நாலு எட்டில் போய்விடலாம். இப்போது தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போகிறேன். என் மனைவி சாந்தாமணி சமையலறையிலிருந்து காலையில் திட்டினால் ஹாலில் இருக்கும் எனக்கு மதியம்தான் வந்து சேர்கிறது.

அவள் கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறாள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. திட்டு வருகிறவரை நான் அந்த வீட்டு ஆள். ஒருநாள் மதியம் வர வேண்டிய திட்டு வராமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வாரத் தொடக்கத்தில் சங்கச் செயலாளர் சென்னியப்பன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் என் புல்மேல் நின்றார்.

“வூட்ல எத்தன பேருங்க?”

“ரெண்டு பேருங்க. நானும் சம்சாரமும்.”

அவர் மண்டி போட்டுப் புல்லில் காதை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மூணு” என்றார்.

“அது பெருச்சாளிங்க.”

“வாடகைக்குங்களா, சொந்தமுங்களா?”

“தானா வந்துச்சுங்க.”

“அப்ப சொந்தம்.”

எங்கள் காலனியில் வீட்டுக்கு இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் வெள்ளிக்கிழமைக்குள் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வீட்டை மடித்துவிடுவார்கள். எதிர்வீட்டை அப்படித்தான் மடித்தார்கள். அது இப்போது சங்க அலுவலகத்தில் பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

“மூணாவது ஆளு யாருன்னு நீங்களே எழுதிக்கங்க. பெருச்சாளிதானுங்களே?” என்றேன்.

“அத நாங்க எழுதறதில்லீங்க. கூண்டு தர்றோம். யாரு விழுகறாங்களோ அவங்கதான் மூணாவது ஆளு.”

கூண்டு தள்ளுவண்டியில் வந்தது. ஆள் உயரம் இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. இவ்வளவு பெரிசு எதற்கு என்று கேட்டேன். சின்னதாக இருந்தால் சந்தேகப்படும் என்றார். புல்லில் இன்னும் பச்சையாக இருந்த ஒரே மூலையைப் பார்த்து அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பெருச்சாளிமேல் கொலைவெறி. அதைச் சட்டப்படி சிரித்த முகத்தோடு தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். வளைக்குள் ரப்பர் குழாயை விட்டுத் தண்ணீரைத் திறந்தேன்.

“குளிச்சுக்க கண்ணு. என்னா வெயிலு” என்றேன்.

தண்ணீர் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் நனைந்த தலையோடு வந்தார். என்னை ஓர் அறை அறைந்தார். பிறகு துண்டு கேட்டார். கொடுத்தேன். துவட்டிவிட்டு இன்னோர் அறை அறைந்தார்.

தேங்காய் நாரில் காய்ந்த மிளகாயைப் போட்டுக் கொளுத்தி வளைக்குள் ஊதினேன். “சாம்பிராணி போடறஞ் சாமி. கொசு கடிக்காது” என்றேன். அன்று காலனி முழுக்க இருமியது. சென்னியப்பன் இருமினார், தெருநாய்கள் இருமின. பெருச்சாளி மட்டும் இருமவில்லை.

கண்ணாடியை உடைத்து வளைக்குள் கொட்டினேன். மறுநாள் அந்தச் சில்லுகள் ஒட்டப்பட்டு முழுக் கண்ணாடியாக வாசற்படியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அதில் என் முகம் தெரிந்தது. நன்றாக இல்லை.

“உங்களுக்கு அன்பாப் பேசத் தெரியல. நகருங்க” என்றாள் சாந்தாமணி.

அவள் கூண்டுக்குள் நாற்காலிமேல் தட்டு நிறைய மசால் வடை வைத்தாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. வளைப் பக்கம் குனிந்தாள்.

“கண்ணு, பசிக்குதாடா? சூடு ஆறிப் போவுது. வா சாமி. ஏந்தங்கமல்ல.”

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அதை எந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தாளோ. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பெருச்சாளியைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம்தான். பட்டேன்.

பெருச்சாளி வெளியே வந்தது. முதலில் மூக்கு, பிறகு மீசை, பிறகு மற்றது. என் உயரம் இருந்தது. அவசரமில்லாமல் நடந்து கூண்டு வாசலுக்குப் போனது. ஒரு காலை உள்ளே வைத்தது. சாந்தாமணி என்னைப் பார்த்து, அசையாதே என்று கண்ணைக் காட்டினாள். அந்த நேரத்தில் அதன் வால் திரும்பி, மிச்சமிருந்த பச்சைப் புல்லை ஒரே இழுப்பில் வேரோடு பிடுங்கி எறிந்தது.

நான் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை.

“புடி! புடி! கூண்ட சாத்து! இன்னிக்கி இது செத்துச்சு!” என்று கத்திவிட்டேன்.

பெருச்சாளி காலை வெளியே எடுத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. கோபப் பார்வை இல்லை. காலி பண்ணப்போகிற குடித்தனக்காரனை வீட்டுக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு வளைக்குள் போய் உள்ளிருந்து மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொண்டது.

“வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு? இனி அது எந்த சென்மத்துல கூண்டுக்கு வரும்?” என்றாள் சாந்தாமணி.

“வராது.”

“நாளைக்கு வெள்ளிக்கிழம.”

“ஆமா.”

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்த்து வெகுகாலம் ஆகியிருந்ததால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கப்புறம் அன்று அவள் என்னைத் திட்டவே இல்லை. மதியம் காத்திருந்தேன். சாயங்காலமும் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து திட்டு கேட்டது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

“சேத்துக் காலோட அப்பிடியே உள்ள வர்றியே, அறிவிருக்குதா? எரும. எத்தன தடவ சொல்றது? கழுவிட்டு வந்து உக்காரு!”

என் காலில் சேறு இல்லை. நான் உள்ளேயும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெருச்சாளி சாப்பாட்டு மேசையில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தது. காலைக் கழுவியிருந்தது. சாந்தாமணி அதன் தட்டில் இட்லியை வீசினாள். “முழுங்கு” என்றாள். அது தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது. தனக்கு இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவன் சாப்பிடுகிற சாப்பாடு அது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன்.

சாந்தாமணி வாசலுக்கு வந்தாள்.

“கண்ணு” என்றாள்.

எனக்குப் பின்னால் யாரோ இருப்பதாக நினைத்துத் திரும்பினேன். யாரும் இல்லை.

“வெயில்ல எதுக்குங்க சாமி நிக்கறீங்க? மொகமெல்லாம் வேர்த்திருக்குது பாருங்க. அங்க காத்தாடி ஓடுது. போயி உக்காருங்க.”

கூண்டைக் காட்டினாள்.

அந்தக் குரல் எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ஒன்றும் குழந்தை இல்லை. கேட் திறந்துதான் கிடந்தது. குழாயைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை அதுவரை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. பெற்றவளே முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

“இன்னொரு வாட்டி சொல்லு சாந்தா.”

“வாங்க கண்ணு. ஏந்தங்கமல்ல.”

போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது. கதவு விழுந்தது.

“இன்னொரு வாட்டி” என்றேன்.

அவள் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். விழுந்த பிறகு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று சட்டம் இல்லை. சாக்கை எடுத்துக் கூண்டின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

நான் நாற்காலியை அவள் போன பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபடி கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன்.