நானே செஞ்சுக்குவேன்

அன்று அம்மாவுக்குப் புடவை கட்டிவிட மகளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டியவள் அம்மா. இப்போது அறுபத்திரண்டு வயது. முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போய்விட்டன. கொக்கி மாட்ட வராது, தலை வாரக் கை உயராது. குளிப்பாட்டுவதிலிருந்து கக்கூஸில் உட்கார்த்தி எழுப்புவதுவரை எல்லாம் மகள்தான். அதற்காகவே பல் டாக்டரிடம் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறாள். பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாதவர்களுக்குத் தரும் அரசாங்க உதவித்தொகை கிடைத்தால் பகலுக்கு ஒரு ஆள் வைத்துவிடலாம். மாதக் கடைசிவரை அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பழசே போதும்டி," என்றாள் அம்மா.

"ஆபீசுக்குப் போறோம்மா. பரட்டைத் தலையோடவா போறது?"

மடிப்புக் கலையாமல் ஊசி குத்தி, எண்ணெய் வைத்து வாரிப் பின்னிவிட்டாள். போதாக்குறைக்குப் பவுடர் வேறு.

மருமகன்தான் காரில் அழைத்துப்போனார். "நீங்க வண்டியிலயே இருங்க," என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டால்தானே. ஃபைலை யார் தூக்குவது, அத்தைக்கு யார் கதவைத் திறந்துவிடுவது என்று கூடவே உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

அதிகாரிக்கு மகள் வயதுதான் இருக்கும். மகள் வாயைத் திறந்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவங்களே சொல்லட்டும். கூட வந்தவங்க குறுக்க பேசக் கூடாது." பிறகு அம்மாவிடம், "நீங்களாவே குளிப்பீங்களாம்மா?" என்றார்.

அம்மா தலை குனிந்தாள். எதிரே மருமகனின் செருப்புதான் தெரிந்தது. பதினாறு வருஷத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதுகூடக் கிடையாது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பி, வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் குளிக்கவே எழுந்திருப்பாள். இப்போது அவரை வைத்துக்கொண்டே அந்தப் பேச்சு.

"நானே குளிச்சுக்குவேன்."

மகள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"பாத்ரூம் போக, வர?"

"அதுக்கென்ன. நானே போய்க்குவேன்."

"துணி மாத்த?"

"எல்லாம் நானே செஞ்சுக்குவேன்."

அதிகாரி ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு என்ன, நோகாமல் கேட்டுவிட்டுப் போவார்கள்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் பாதி எழுந்தார்.

"முடிஞ்சிடுச்சு. லெட்டர் வரும்," என்றார் அதிகாரி.

மருமகன் வண்டி எடுக்கப் போன இடைவெளியில் மகள் பொரிந்து தள்ளினாள். "எதுக்கும்மா இப்படி வாய் கூசாம பொய் சொன்னே?"

"மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு வேற என்னடி சொல்லச் சொல்றே? நீ என்னைக் கழுவிவிடுறேன்னா?"

கடிதம் மாதக் கடைசி வாரத்தில் வந்தது. முந்தின நாளே வந்து தபால் பெட்டியில் கிடந்ததைக் காலையில்தான் மகள் எடுத்துப் பிரித்தாள்.

'மனுதாரர் தலைவாரி, நேர்த்தியாக உடையணிந்து வந்திருந்தார். அன்றாடக் காரியங்கள் அனைத்தையும் தாமே செய்துகொள்வதாகத் தெரிவித்தார். பிறர் உதவி தேவைப்படவில்லை.'

இரண்டாவது வரியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். முதல் வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த நேர்த்தி அவள் கைவேலை. தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு ஒரு வருஷம் ஆகுமாம்.

பல் டாக்டருக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் வருத்தப்பட்டார். அவள் பரவாயில்லை என்றாள்.

"லெட்டர் வந்துச்சா? என்னடி எழுதியிருக்கு?" உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையாம். நல்லா இருக்கியாம்."

அம்மாவின் குரல் தணிந்து வந்தது.

"மாப்பிள்ளை கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரு."

"அப்போ வந்து தூக்கிவிடுடி. ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு இருக்கேன்."