புள்ளிக்கோட்டில் ஒரு லாம்பிரெட்டா

ராயபுரத்து அருள்பிரகாசம் சரக்குக் கப்பல்களில் பாரம் தூக்கும் வின்ச் எந்திரம் ஓட்டியவன். 1971-இல் இரும்பு வடத்தில் சிக்கி வலக்கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தன் லாம்பிரெட்டா ஸ்கூட்டரை விற்க ஆள் தேடினான். அந்தக் கையால் ஆக்சிலேட்டரை எப்படி முறுக்குவது?

அவன் மனைவி ஃப்ளோரா விடவில்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய சாலை வரைபடப் புத்தகத்தை மேசைமேல் விரித்தாள். பாண்டிச்சேரிவரை கடலை ஒட்டியே போக வேண்டும் என்று இருவரும் அதில் பென்சிலால் கோடு போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"நான் ஓட்றேன். நீ பின்னால குந்து."

"இன்னா பேசற? பொம்பள ஓட்டி ஆம்பள குந்திகினு போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அதுக்கோசரம் கடலு வத்திப்பூடுமா?"

காசிமேட்டில் விடியற்காலைகளில் ஓட்டப் பழகினாள். நான்காம் நாள் மீன் கூடைகளுக்குள் வண்டியோடு விழுந்தாள். மீன்காரி தாயம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசிக்கொண்டே ஃப்ளோராவின் முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

"நாளிக்கும் வருவியா?"

"வருவேன்க்கா."

"அப்ப கூடைய தள்ளி வெக்கிறேன்."

வரைபடத்தில் மகாபலிபுரத்துக்குத் தெற்கே சாலை வெறும் புள்ளிக்கோடாகியிருந்தது. மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் திருநெல்வேலிக்கார லாரி டிரைவர் தவசிமுத்துவிடம் வழி கேட்க ஃப்ளோரா புத்தகத்தோடு போய் நின்றாள்.

"பாலாத்துல பாலம் கெடையாதும்மா. நாங்க திண்டிவனம் சுத்தில்லா வாரோம்."

"தண்ணி இல்லாத மாசம்?"

"சித்திரையில வெறும் மணலு. வண்டி பொதைஞ்சிரும்."

"தள்ளிக்கினு போறோம்."

சித்திரையில் கிளம்பினார்கள். மண்ணடி முனையில் யாரோ விசிலடித்தார்கள். அருள்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டான். அடையாறு தாண்டும்வரை நிமிரவில்லை.

பாலாற்று மணலில் சக்கரம் பாதி புதைந்தது. ஃப்ளோரா இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டி, காயம்பட்ட கையின் உள்ளங்கையை வண்டியின் பின்புறம் ஊன்றித் தோள் கொடுத்தான். முக்கால் மைல் மணல். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மறுகரையில் மேல்மூச்சு வாங்க உட்கார்ந்தவன் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை.

"இன்னும் எத்தினி ஆறு கீது?" என்றான்.

"தெரியல. எந்திரி, போய்ப் பாக்கலாம்."