செல்லக்கிளி வீட்டு வாசல்

ஐஸ் பெட்டிக்குள் மாற்றும்போது அவிழ்ந்துபோன துணியை எடுத்து, அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் பாண்டிமீனா. செல்போன் அடித்தது. முடிச்சை இறுக்கிவிட்டு எடுத்தாள்.

"தாயி, நான் மாயக்காள் பேசுறேன். பேரையூர்லருந்து வந்து கேட்டு வாசல்ல நிக்கிறோம். கறுப்புச் சட்ட போட்ட ஆளுக உள்ள விட மாட்டேங்குறாக."

"எத்தன பேரு வந்துருக்கீக, அத்த?"

"நாங்க ஒம்பது பேரு. ரோடு முழுக்க வேற கூட்டமாக் கெடக்கு. அம்புட்டும் ஒன் தம்பியப் பாக்க வந்ததுக."

"இருங்க, வாரேன்."

அம்மா செல்லக்கிளி விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தாள். எழுபத்தொன்பது வயது. காபி கொடுக்கப் போன பாண்டிமீனாதான் முதலில் பார்த்தாள். சினிமாவில் கதாநாயகனாக நடிக்கும் தம்பி தமிழ்மாறன் சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்கினான். விமான நிலையத்திலிருந்து வீடு இருக்கும் அவனியாபுரம் பக்கம்தான். அவனோடு வந்த பாதுகாவலர்கள் ஆறு பேரும் வந்ததும் செய்த முதல் வேலை, பத்தடி உயர இரும்புக் கேட்டைச் சாத்தியது.

ஒரு காலத்தில் அந்த வீட்டுக்குக் கேட்டே கிடையாது. அப்பா வீரணன் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் மாட்டுவண்டிக்காரனாகவும் தலையாரியாகவும் வந்து ஜனங்களைச் சிரிக்க வைத்தவர். படப்பிடிப்பு இல்லையென்றால் மெட்ராஸில் ஒரு நாள்கூடத் தங்கமாட்டார், பஸ் ஏறிவிடுவார். அவர் வந்தது தெரிந்தால் போதும், பரவையிலிருந்தும் பேரையூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லி வருவார்கள். ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. செல்லக்கிளி பத்துப் பேருக்குக் கூடுதலாகவே உலை வைப்பாள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள், தன் பாயில் யாரோ ஒரு ரசிகர் படுத்துத் தூங்குகிறார் என்று பாண்டிமீனா அழுதாள். அப்பா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நான் சின்னப் பயலா வேல பாத்த வீடுக எல்லாத்துலயும் என்னைய வாசலுக்கு வெளியதான் நிப்பாட்டுனாக. நம்ம வீட்டு வாசல்ல யாரும் அப்பிடி நிக்க வேணாம் ஆத்தா."

அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

அவர் இறந்து சில வருடங்களில் தமிழ்மாறனின் மூன்றாவது படம் பெரிதாக ஓடியது. கேட் வந்தது, கேமரா வந்தது. அம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. சாயங்காலங்களில் கேட்டுக்கு உள்பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே நின்று பேசுகிறவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாண்டிமீனா மாடிக்குப் போனாள். தமிழ்மாறன் கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"மாறா, கேட்டத் தொறக்கச் சொல்லு. பேரையூர்க்காரக நிக்கிறாக."

"பேரச் சொல்லுக்கா. அவங்கள மட்டும் விடச் சொல்றேன்."

"எழவுக்கு வாரவுக பேரு எழுதிக் குடுத்துட்டா வருவாக?"

அவன் எழுந்து சன்னல் திரையை விலக்கிக் கேட்டுப் பக்கம் பார்த்தான்.

"போன வருசம் சென்னை வீட்டுல ஒருத்தன் செவரேறிக் குதிச்சு என் பாப்பா ரூமுக்குள்ள வந்து நின்னான். கையில ஒண்ணும் இல்ல, போனு மட்டுந்தான். லைட்ட அமத்துனா அவ இன்னும் தூங்க மாட்டேங்குறா. அப்பாவத் தேடி வந்தவங்க வேறக்கா. அவங்க அப்பாவப் பாத்தாங்க. இவங்க போனத்தான் பாக்குறாங்க."

அவன் சொல்வது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் மகளை இரண்டு மாதம் இதே வீட்டில்தான் வைத்திருந்தார்கள்.

"அம்மா இருந்தா அவுகள வெயில்ல நிப்பாட்டுமா? இன்னைக்கு ஒருநா மட்டும், மாறா."

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே இறங்கிப் போனாள். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், "மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தார். அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

முதலில் உள்ளே வந்தது மாயக்காள் இல்லை. இளவட்டங்கள் முண்டியடித்து வந்தார்கள். செம்பருத்திச் செடி ஒன்று மிதிபட்டுச் சாய்ந்தது. ஒருவன் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் செல்போனை வைத்து அம்மாவின் முகத்தைப் படம் எடுத்தான். இன்னொருவன் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று தன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். பாண்டிமீனா கையை நீட்டி மறைத்தாள். அந்தப் பக்கமிருந்து வேறொரு செல்போன் வந்தது.

கடைசியாக, கோடிச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு மாயக்காள் வந்தாள். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சேலையை விரித்துக் கண்ணாடிமேல் போர்த்தினாள்.

"ஒக்காருங்கடி," என்றாள் கூட வந்தவர்களிடம்.

ஒன்பது பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் முதுகும் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார்கள்.

அதற்குள் தமிழ்மாறன் கீழே வந்து அம்மாவின் தலைமாட்டில் நின்றிருந்தான். செல்போன்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. "தலைவா, இங்கிட்டு," என்று ஒரு குரல். யாரோ அதட்டினார்கள். படங்களில் அவன் அழுவதைப் பாண்டிமீனா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இப்போது அவன் முகத்தில் எதுவும் இல்லை. போர்த்திய சேலையின் ஓரத்தை மட்டும் இறுகப் பிடித்திருந்தான்.

பாண்டிமீனா கூட்டத்துக்குள் நுழைந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போவதுபோல அவனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

பின்னாலேயே வந்த ஒரு பையன், "அக்கா, அண்ணன் உள்ளயா இருக்காரு? ஒரே ஒரு போட்டோக்கா," என்றான். அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"உள்ள யாரும் இல்லப்பா," என்றாள்.

கதவுக்குப் பின்னால் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவும் சத்தம் இல்லை. தண்ணீர் மட்டும் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.