இறங்கி நடக்கும் தெரு

பம்பு கம்பெனி மானேஜர் துளசிராமன் பயிற்சிக்காக இங்கிலாந்து போய்த் திரும்பியபோது ஒரு தொப்பியையும் ஒரு கொள்கையையும் கொண்டுவந்தார். தொப்பியால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கொள்கையால் கும்மிடிப்பூண்டியில் முப்பது பேருக்கு ஞாயிற்றுக்கிழமை பறிபோயிற்று.

இங்கிலாந்தின் மலைப்பக்கங்களில் பெரிய உத்தியோகஸ்தர்கள்கூட லீவு நாளில் கூட்டமாகச் சைக்கிள் மிதித்துப் போகிறார்களாம். இடிந்த கோட்டை, பழைய சர்ச் என்று எது கண்ணில் பட்டாலும் இறங்கி நடந்து பார்ப்பார்களாம். முன்னால் ஒரு வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டே நடப்பானாம். உடம்புக்கும் நல்லது, நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் உள்ள ஒற்றுமைக்கும் நல்லது என்று கம்பெனி வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆரம்பாக்கத்திலிருந்தும் கவரப்பேட்டையிலிருந்தும் தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருகிறவர்கள். பஸ் இல்லாமல் மிதிப்பதற்கு உடற்பயிற்சி என்று பெயர் இருப்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேசி முடித்துவிட்டு மானேஜர் காரில் ஏறி வீட்டுக்குப் போனார்.

இப்படியாக எழுபத்து நாலாம் வருஷம் ‘ஞாயிறு உலா மன்றம்’ பிறந்தது. வராதவர்களின் பெயரை மானேஜர் ஞாபகம் வைத்துக்கொள்வார் என்று சொல்லப்பட்டதால் எல்லோரும் ஆர்வமாகச் சேர்ந்தார்கள்.

“மலைப்பக்கத்து ஆள் யாராவது இருக்கீங்களா?” என்று மானேஜர் கேட்டபோது பவுண்டரியில் வேலை செய்யும் குப்புராஜ் கையைத் தூக்கினான். சத்தியவேடு ரோட்டில் மேடேறிப் போனால் மலையடியில் இருக்கிற கல்லேரிமேடு அவன் ஊர். வேலைக்குச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அவன் இன்னும் கேஷுவல்தான். பர்மனென்ட் ஆகிற நேரம் நெருங்கும்போதெல்லாம் கம்பெனி அவனைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். நிறுத்திவைக்கிற நாட்களில் அவன் பெண்டாட்டி செங்கம்மாள், ஊர்ப் பெரியவர் ராஜவேலுவின் கழனிக்குக் களையெடுக்கப் போவாள். அவளை அந்தக் கழனியில் இனி இறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் குப்புராஜின் லட்சியம்.

“உங்க ஊர்ல பழமையா என்ன இருக்கு?” என்றார் மானேஜர்.

“எல்லாமே பழசுதான் சார்” என்றான் குப்புராஜ். பொய் இல்லை.

“நீதான் நம்ம வழிகாட்டி. நல்லா பண்ணு. பர்மனென்ட் விஷயத்தை நான் பார்த்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது செங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “மலை மேல இன்னா கீது? ஆடு மேய்க்கத்தானே போவே?”

“உச்சியில ஒரு பாழும் மண்டபம் கீதே.”

“அது சரி. மலைக்குப் போற வழி?”

குப்புராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. மலைக்குப் போகிற வண்டிப்பாதை கல்லேரிமேட்டு மேலத்தெரு வழியாகத்தான் போகிறது. மேலத்தெருவில் காலனிக்காரர்கள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. தெரு முனை வேப்பமரத்தடியில் இறங்கி, கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறிக்கொள்ளலாம். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்று ரேடியோவில் அவ்வப்போது சொல்வார்கள். மேலத்தெருவில் ரேடியோ வைத்திருந்தவர் ராஜவேலு ஒருவர்தான், அவர் அந்த நேரத்தில் நிறுத்திவிடுவார். மேலத்தெருவுக்கு அப்பால் காலனியில் குடியிருந்த குப்புராஜ் தினமும் காலையிலும் சாயங்காலமும் இறங்கித் தள்ளினான். கம்பெனியில் இது யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாது என்று வைத்திருந்தான்.

ஏரிக்கரை வழியாகச் சுற்றிக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மானேஜருக்குத் தூரத்திலிருந்தே மேலத்தெருவின் ஓட்டு வீடுகள் கண்ணில் பட்டுவிட்டன. “ஆஹா, இந்த வழியா போவோம்” என்றார். முப்பது சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு திரும்பின. முன்னால் குப்புராஜ். இன்றைக்கு ஏறியே போய்விடுவது, மானேஜர் கூட இருக்கும்போது எவன் கேட்பான் என்று அவன் தைரியமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். வேப்பமரம் வந்தது. அவனைக் கேட்காமலேயே வலது கால் பின்பக்கமாகச் சுழன்று தரையில் இறங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கால்.

பின்னால் வந்த மானேஜர் பிரேக் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு நின்றார்கள்.

“ஏன் இறங்கிட்டே?”

முப்பது பேர் முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அதில் ஆரம்பாக்கத்து தானியேலின் முகமும் இருந்தது. தானியேல் மிஷன் பள்ளியில் படித்தவன், பவுண்டரியில் குப்புராஜுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

“இந்தத் தெருவுல சைக்கிள்ல ஏறிப் போவ மாட்டாங்க சார். பழைய வழக்கம்.”

“யாருமேவா?”

“யாருமேதான் சார்.”

மானேஜர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். இதைத்தான் அவர் கடல் கடந்து தேடிக்கொண்டிருந்தாராம். ஒரு காலத்தில் இது ராஜவீதியாக இருந்திருக்க வேண்டும், படைத் தளபதிகள்கூடக் குதிரையை விட்டு இறங்கி நடந்திருக்க வேண்டும், எத்தனையோ நூற்றாண்டு கழித்தும் சாமானிய ஜனங்கள் அந்த மரியாதையைக் கைவிடாமல் இருக்கிறார்கள் என்று அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தார். பிறகு எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி, பேசாமல் நடந்தார்கள். அக்கவுண்டன்ட் தள்ளினார். சூப்பர்வைசர் தள்ளினார். மேலத்தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து வாயைப் பிளந்தார்கள். காலனிக்காரர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், கால்சட்டை போட்ட மானேஜர் தள்ளிப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து புல்லட்டில் வந்தார் ராஜவேலு.

மானேஜர் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டினார். “நீங்களே இப்படி வண்டியில வரலாமா? இந்த மரபை நீங்க காப்பாத்தலைன்னா யார் காப்பாத்துவாங்க?”

ராஜவேலு மானேஜரைப் பார்த்தார், குப்புராஜைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மரபு அவனுங்களுக்குத்தான் சார், எங்களுக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் தன் மகன் வரதனுக்கு இதே கம்பெனியில் ஆபீஸ் வேலை கேட்டு இதே மானேஜர் வீட்டுக்கு மாம்பழக்கூடையோடு போய்வந்தவர் அவர். அந்த வார்த்தையை இத்தனை பேருக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், படித்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லாமல் நடத்திப் பழகிய விஷயம் அது.

இறங்கினார். புல்லட்டைத் தள்ளினார். வேட்டி சக்கரத்தில் மாட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, குப்புராஜைக் கடந்துபோனார்.

குப்புராஜுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. மலை உச்சி மண்டபத்தைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே நினைவில்லை.

தயிர்சாதம் சாப்பிடும்போது தானியேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “வழக்கம் யாருக்குன்னு எனக்குத் தெரியும்டா. எங்க ஊர்லயும் ஒரு தெரு இருந்துச்சு.”

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“எல்லாரையும் எறக்கிட்டே, சரி. நீ எப்ப ஏறுவே?”

மானேஜர் அத்தோடு விடவில்லை. வேப்பமரத்தடியில் பலகை நட்டார்: ‘இவ்வீதியில் அனைவரும் வாகனத்தை விட்டிறங்கி நடந்து செல்வது தொன்று தொட்டு வரும் மரபு. ஞாயிறு உலா மன்றம்.’ வரதனுக்கு வேலை கிடைத்தது, கூடவே மன்றத்தின் கல்லேரிமேட்டுக் கிளைச் செயலாளர் என்ற பதவியும் ஒட்டிக்கொண்டது. மானேஜர் எப்போது விருந்தாளியோடு வந்து நிற்பார் என்று சொல்ல முடியாததால் மேலத்தெருக்காரர்கள் எல்லோருமே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பால்காரர் தள்ளினார். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த காரை மச்சான்கள் தள்ளினார்கள். ராஜவேலுவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் சாயங்காலம் அவர் குப்புராஜை நிறுத்தினார். “டேய் குப்பு, அந்தப் பலகைய எடுக்கச் சொல்லுடா உங்க மானேஜருகிட்ட. வரதன் சொன்னா கேக்கமாட்டேன்றாரு.”

“இன்னான்னு சொல்றது ஆண்டே?”

“அப்படி ஒரு வழக்கமே இல்லேன்னு சொல்லு.”

“இல்லேன்னா, நான் ஏறிப் போலாமா?”

ராஜவேலு இடுப்பைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் பலகையையே பார்த்தார். “போ. எவன் வோணாலும் ஏறிப் போங்க. என்னை வுட்டா போதும்.”

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய குப்புராஜ் மேலத்தெருவில் ஏறியே போனான். யாரும் கேட்கவில்லை. வேப்பமரம் தாண்டியதும் மூச்சு வாங்கியது. அவ்வளவு சின்னத் தெரு என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

தெருவில் எல்லோரும் ஏறிப் போகிறார்கள் என்ற விஷயம் மானேஜர் காதுக்குப் போனபோது அவர் முகம் வாடிவிட்டது. லண்டன் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அந்தத் தெருவைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டாயிற்று. குப்புராஜைக் கூப்பிட்டுவிட்டார்.

“நூற்றாண்டுக் கணக்கா காப்பாத்தினதை ஒரு மாசத்துல விட்டுட்டீங்களே. சரி, ஞாயித்துக்கிழமை ஒருநாள் இறங்கி நட. திங்கக்கிழமை உன்னை பர்மனென்ட் பண்றேன். ராஜவேலு இறங்கறேன்னு சொல்லிட்டார்.”

“அது எங்களை எறங்கச் சொன்ன வழக்கம் சார். எங்களை மட்டும்.” இவ்வளவையும் குப்புராஜ் ஒரே மூச்சில் சொன்னான்.

மானேஜர் பேனாவை உருட்டினார். “இருக்கலாம். அதையெல்லாம் விருந்தாளிகிட்ட சொல்ல வேண்டியதில்லை. நீ இறங்கினா போதும்.”

அன்றிரவு குப்புராஜ், இறங்கட்டுமா என்று செங்கம்மாளிடம் கேட்டான். அவள் கழனிச் சேற்றில் வெடித்த காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். “களையெடுக்க எனக்கு இன்னா புதுசா? போய்க்கினுதானே கீறேன்” என்றாள். “நீ எறங்கிப் போனா நான் பாக்க வரமாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர், மானேஜர், முப்பது பேர், முன்னால் குப்புராஜ். வேப்பமரத்தடியில் ராஜவேலு புல்லட்டோடு தயாராக நின்றார். மரம் நெருங்க நெருங்கக் குப்புராஜின் வலது கால் பெடலை விட்டு எழும்பியது. அவன் அதைத் திரும்பப் பெடலில் வைத்து அழுத்தினான்.

பின்னால் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். “குப்புராஜ்” என்று மானேஜர் ஒருதரம் கூப்பிட்டார். குப்புராஜ் திரும்பவில்லை. பர்மனென்ட் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழிகாட்டி கூட்டத்தை விட்டுவிட்டு ஓடக் கூடாது, அதனால் மெதுவாக மிதித்தான். தெருக் கோடியில் செங்கம்மாள் நிற்பது தெரிந்தது.

வெள்ளைக்காரர் மானேஜரிடம் என்னவோ கேட்டார். மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னவோ சொன்னார். தானியேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்து குப்புராஜுக்குப் பக்கத்தில் சேர்ந்தான். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அந்த ஆளு மட்டும் ஏன் ஏறிப் போறான்னு வெள்ளைக்காரன் கேட்டான். இந்தத் தெருவுல ஏறிப் போற உரிமை ராஜா காலத்துலேர்ந்து ஒங்க வம்சத்துக்கு மட்டுந்தான் உண்டாம். மத்தவங்க எல்லாம் எறங்கிடணுமாம். மானேஜரு சொல்றாரு.”

குப்புராஜும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அவன் அப்பன் இந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவன்.

“நீயும் ஏறு” என்றான்.

“நான் ஒங்க வம்சமா?”

“எவன் கேக்கப்போறான்? ஏறு.”

தானியேல் ஏறினான். அதைப் பார்த்துப் பின்னால் வந்த பவுண்டரிக்காரன் ஒருவன் ஏறினான். அப்புறம் லேத்துக்காரர்கள், பெயின்ட் ஷாப்காரர்கள், வாட்ச்மேன், எல்லாரும் ஏறிவிட்டார்கள். அக்கவுண்டன்ட் மானேஜரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். தெரு முழுக்க மணிச்சத்தம்.

இத்தனை பெரிய வம்சமா என்பது போல வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நடந்து வந்தவர்கள் மூன்றே பேர். அவரும், மானேஜரும், புல்லட்டைத் தள்ளிக்கொண்டு ராஜவேலுவும்.

மானேஜர் நெகிழ்ந்துபோய் ராஜவேலுவின் தோளைத் தொட்டார். “நீங்க ஒருத்தராவது விடாம இருக்கீங்களே” என்றார்.