அணைக்காத வண்டி

காலை ஐந்தே முக்காலுக்கு மூத்தவள் பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்துவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினாள். பாதி தூரம் சும்மா இறங்கிய கிக்கர் ஓரிடத்தில் கல்லில் முட்டியதுபோல் நின்றது. அந்த இடத்தை ஒரு நூல் தாண்டவிட்டு, கிக்கரை மேலே விட்டு, பிறகு முழு உடம்பையும் தூக்கி மிதிக்க வேண்டும். கணக்குத் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி வாங்கிய தழும்புகள் அவள் கெண்டைக்காலில் நான்கு இருந்தன.

மூன்றாவது உதைக்கு வண்டி இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது.

"பொழைச்சுது" என்றார் அப்பா. பார்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தார்.

இனி மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும்வரை அந்த எஞ்சினை அணைக்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் வண்டி சறுக்கி அவர் முழங்கால் சிதைந்தது. பையில் பார்சல் எல்லாம் தீர்ந்து திரும்பி வரும்போது விழுந்ததால் அது வேலை நேரமில்லை என்று கம்பெனி கைகழுவிவிட்டது. அந்தக் காலால் உதைக்க முடியாது என்பது தெரிந்தால் பையையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் வண்டியை உதைப்பது மகள் வேலை. அணையாமல் பார்த்துக்கொள்வது அப்பா வேலை. கிடங்கின் வாசலுக்கு வெளியே, உறுமும் வண்டியைக் காவலாளியிடம் விட்டுவிட்டு, செருப்பில் முள் குத்தியவர்போல் நடந்து உள்ளே போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வருவார். பெட்ரோல் பங்கில் அணைக்கச் சொல்வார்கள் என்று மகள் கேனில் வாங்கி வந்து வீட்டிலேயே ஊற்றினாள். சாப்பாடுகூட வண்டியின் பக்கத்தில் நின்றபடிதான். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு அணையாவிளக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூத்தவளுக்கு வேலைக்கான கடிதம் போன வாரம் வந்தது. ஐந்து மணி நேரத் தூரத்தில் வேறொரு ஊர். வியாழக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. முதல் கடிதமும் அதுதான்.

"நீ போ பாப்பா. வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

"எப்படிப் பாத்துப்பீங்க? முறைச்சா?"

அம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் ஆபரேஷன் செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சின்னவள் ஒருமுறை உதைத்துப் பார்த்தாள். கிக்கர் அவளைத் தூக்கி எறிந்து சுவரில் சாத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் நடையில் பழைய போர்வையை விரித்து வண்டியைப் பிரித்தாள். வண்டிக்கு அவளைவிட ஆறு வயது கூட. அதன் கையேடு, அட்டை கிழிந்து, பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த வீட்டில் அவளால் மட்டுமே படிக்க முடிந்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்தாள். பெட்ரோல் இறங்கும் ஜெட்டின் ஊசித்துளையைத் தையல் ஊசியால் குத்தாமல், கையேடு சொன்னபடி வாயால் ஊதினாள். நாக்கெல்லாம் பெட்ரோல் கசந்தது. பொறியைக் கொடுக்கும் பாயிண்ட் இரண்டும் கருகி மேடு தட்டியிருந்தன. நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தாள். அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அளக்கக் கருவி இல்லை. பட்டமளிப்பு விழா அழைப்பு அட்டையில் ஓரமாக ஒரு கீற்று வெட்டி நடுவில் செருகிப் பார்த்தாள். கனம் சரியாக இருந்தது.

"உன் படிப்பு ஒருவழியா உபயோகப்பட்டுதுடி" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

மாலையில் அப்பாவை வண்டியின் வலப்பக்கத்தில் நிற்க வைத்தாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலான இடது காலால் மிதிக்கச் சொன்னாள். ஊனமான காலில் நின்றபடி ஒரு உதைதான் அவரால் முடியும். அந்த ஒன்றிலேயே பிடிக்க வேண்டும்.

பிடித்தது.

அணைத்து, ஆறவிட்டு, மறுபடி உதைத்தார். மறுபடியும் பிடித்தது. "அடேயப்பா, பால் குடிச்ச பூனை மாதிரி சத்தமே இல்லாம ஓடுதே" என்று சின்னவள் கை தட்டினாள். அன்று ராத்திரி மூத்தவள் துணிகளை எடுத்துவைத்துப் பையின் ஜிப்பை மூடினாள்.

திங்களும் செவ்வாயும் அப்பாவே கிளப்பிக்கொண்டு போனார். ஆனால் பழக்கதோஷம், வழியில் ஓரிடத்திலும் அணைக்கவில்லை. புதன்கிழமை காலை அவள் வாசலில் வழிமறித்தாள்.

"இன்னிக்கு அணைக்கணும். நான் நாளைக்குக் காலைல பஸ் ஏறிடுவேன். இருக்கும்போதே பழகுங்க."

"நடுவழில நின்னுட்டா?"

"ஏன் நிக்கப்போகுது? மூணு நாளா ஒரே உதைக்குப் பிடிக்குதுல்ல? பயந்து பயந்து பெட்ரோல எரிக்காதீங்கப்பா."

அன்று பகல் ஒரு மணிக்கு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு கிடங்கின் வாசலுக்குள் நுழைந்தார். மேற்பார்வையாளரின் மேசைக்கு எதிரே நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். "என்ன அணையாவிளக்கு, இன்னிக்குக் காத்தடிச்சுதா?" என்று யாரோ கேட்டதற்குச் சாவியைச் சுண்டிக் காட்டினார்.

ஒன்றே முக்காலுக்கு மூத்தவளின் போன் அடித்தது. "உங்கப்பா வண்டி லாரிக்கு வழிய மறிச்சு நிக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க."

அவள் போனபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கால் பேன்ட்டுக்குள் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர்.

"பதினஞ்சு தடவ உதைச்சேன் பாப்பா. சோக்கும் போட்டேன்."

"சூடா இருக்கும்போது சோக் போடக்கூடாதுப்பா."

"நீதானே போடச் சொன்ன."

அவள்தான் சொல்லியிருந்தாள். அந்த வண்டி சூடாக இருக்கும்போது எப்படிக் கிளம்பும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாகச் சூட்டோடு அதை யாரும் மறுபடி கிளப்பியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அவள் ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் பார்த்தாள். பாயிண்டுக்குப் பக்கத்தில் விரலளவு உருளை ஒன்று, கண்டென்சர், இருந்தது. அது பழசானால் குளிரில் வேலை செய்து சூட்டில் செத்துப்போகும் என்று கையேட்டில் படித்திருந்தாள். குளிரில்தான் வேலை செய்கிறதே என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டாள்.

சோக்கைத் தள்ளினாள். பிளக்கைக் கழற்றி நனைந்திருந்ததைத் துப்பட்டா நுனியில் துடைத்தாள். ஆறும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஏறி, கல் மாதிரி முட்டும் இடத்தைக் காலால் தேடி, தாண்டவிட்டு, மிதித்தாள். இரண்டாவது உதைக்கு வண்டி கிளம்பியது. யாரோ விசிலடித்தார்கள்.

மேற்பார்வையாளர் வண்டியைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான் சார், லேசா சுளுக்கிடுச்சு."

"இது சுளுக்காய்யா? என்னைப் பார்த்தா கேனையன் மாதிரி தெரியுதா?" அவர் அவளிடம் திரும்பினார். "தினம் நீதான் உதைக்கிறியா?"

"வண்டிதான் சார் ரிப்பேர். சாயங்காலத்துக்குள்ள பார்ட் மாத்திடுவேன். நாளைலேர்ந்து அவரே கிளப்பிடுவார்."

"வண்டிக்குப் பார்ட் மாத்துவ. காலுக்கு?"

அவள் துப்பட்டா நுனியில் கைக் கறையைத் துடைத்தாள்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் கொடுமக்காரன் இல்ல. வருஷக்கணக்கா வேலை பாத்தவர், போன்னு சொல்ல மனசு வரல. நீ கூட வா. காலைலேர்ந்து சாயங்காலம்வரைக்கும். நீயே இறங்கிக் குடு, நீயே கிளப்பு. பின்னாடி ஒரு ஆள் இருந்தா இன்னொரு பையும் ஏத்தலாம். சம்பளம் அவருக்கு எப்பவும்போல வரும். முடியாதுன்னா நாளைக்குக் காலைல பைய ஒப்படைச்சிடுங்க."

"எனக்கு?"

"உனக்கு என்ன?"

"சம்பளம்."

"இதென்னம்மா, பெத்த அப்பனுக்கு உதவுறதுக்கு யாராவது கூலி கேப்பாங்களா?"

வீட்டுக்கு வந்து அவள் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். ஒரு வாரம் தள்ள முடியுமா என்று கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண், நாளை மதியம் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவோம் என்று கனிவாகச் சொன்னாள். சின்னவள் பள்ளிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நான் போறேன்க்கா அப்பாகூட" என்றாள்.

"உதைப்பேன். படி" என்றாள் மூத்தவள்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "நீ போ பாப்பா" என்றார். அம்மா இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு கட்ட இன்னொரு டப்பாவைத் தேடி எடுத்துக் கழுவினாள். கழுவி முடித்தபின்னும் குழாயடியிலேயே நின்றாள்.

மூத்தவள் கடைக்குப் போய்ப் புதுக் கண்டென்சர் வாங்கி வந்து பொருத்தினாள்.

வியாழக்கிழமை காலை கிடங்கில் அவளுக்கு அட்டை போட்டார்கள். மேற்பார்வையாளர் படிவத்தை நிரப்பினார்.

"படிப்பு?"

அவள் பட்டத்தைச் சொன்னாள், வகுப்பையும் சேர்த்து.

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடினார். "அதெல்லாம் இதுல இல்லம்மா. உதவியாள் படிவம். படிக்கத் தெரியும், தெரியாது, ரெண்டே கட்டம்தான்." எழுதப் படிக்கத் தெரியும் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கீழே சம்பளம் என்ற இடத்திலும் அதேபோல் ஒரு கோடு, படுக்கை வாட்டில். "கையெழுத்து போடுவல்ல?"

போட்டாள். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முதுகில் ஒன்று மடியில் ஒன்றாக இரண்டு பைகளோடு வண்டியில் ஏறினாள்.

"விளக்குக்குத் திரி கிடைச்சாச்சுடோய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முதல் பார்சல் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்கு. அப்பா வண்டியை அணைத்தார். அவள் இறங்கிப்போய்க் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பா முன்னால் உட்கார்ந்தபடியே சீட்டில் நகர்ந்து கிக்கருக்கு வழி விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தரையில் நின்று, பையின் கனத்தைத் தோளில் சரிசெய்து, செருப்புக் காலைக் கிக்கரில் வைத்து மெல்ல அழுத்தினாள். பாதி தூரம் சும்மா இறங்கியது. பிறகு கல் மாதிரி நின்றது.